மூடிக்குக் கீழே பெய்யும் மழை

ஹவாய்த் தீவில் மவுனா கேயா என்றொரு எரிமலை இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 4,207 மீட்டர் உயரம். பசிபிக் பெருங்கடலின் நடுவே, எந்தக் கண்டத்திலிருந்தும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஆண்டின் பெரும்பாலான நாட்கள் வடகிழக்கிலிருந்து வீசும் ஈரக்காற்றுக்கு நேர் எதிரே நிற்கிறது. அதன் உச்சியில் ஆண்டு முழுவதும் விழும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 200 மி.மீ.தான். பாலைவனங்களில் பதிவாகும் அளவு அது. அந்த உச்சியிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. கிழக்கே, ஹிலோ நகருக்கு மேலுள்ள சரிவில், 7,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. மலை ஒன்று, காற்று ஒன்று, கடலும் ஒன்று. இடையில் என்ன நடக்கிறது? இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தீவுகளே இல்லாத திறந்த கடலில், அதே பகுதியில், ஆண்டு மழை சுமார் 600 முதல் 700 மி.மீ. வரைதான். ஹவாய்த் தீவுகளின் நிலப்பரப்பு முழுவதற்கும் சராசரி எடுத்தால் அது சுமார் 1,800 மி.மீ. ஆக, இந்தத் தீவுகள் தமக்கு வந்து சேரும் மழையை வாங்கிக்கொள்வதோடு நிற்கவில்லை. கடலில் பெய்யாத மழையைத் தாமே பெய்விக்கின்றன. அதே தீவுகளின் சில பகுதிகள் கடலைவிட வறண்டும் கிடக்கின்றன. இந்த இரண்டையும் ஒரே விளக்கத்துக்குள் கொண்டுவர முடியும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

பள்ளியில் நாம் படித்த விளக்கம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஈரக்காற்று மலையில் மோதுகிறது, மேலே ஏறுகிறது, குளிர்கிறது, ஆவி சுருங்கி நீர்த்துளியாகிறது, காற்று மோதும் பக்கத்தில் மழை பெய்கிறது, மறுபக்கம் மழை மறைவுப் பகுதியாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை வைத்து இதைக் கற்ற நமக்கு இதில் குறை எதுவும் தெரிவதில்லை. இது பொய்யும் இல்லை. ஆனால் இந்த விளக்கத்தை மட்டும் நம்பினால், மலை எவ்வளவு உயரமோ அவ்வளவு மழை என்று எதிர்பார்க்க வேண்டிவரும். ஹவாயின் மழை வரைபடம் அந்த எதிர்பார்ப்பை உடைக்கிறது. மாவி தீவில் ஹலேயகலா எரிமலையின் உயரம் 3,055 மீட்டர். ஆனால் அதன் சரிவில் அதிகம் மழை பெய்யும் இடம், ‘பிக் பாக்’ எனப்படும் சதுப்பு நிலம், ஏறத்தாழ 1,650 மீட்டரில், அதாவது பாதி வழியிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு 10,000 மி.மீ.க்கு மேல் அங்கே பெய்கிறது. அதே தீவின் மேற்கு மலையில் புஉ குகுயி சிகரம் 1,764 மீட்டர், 9,000 மி.மீ.க்கு மேல். கவாய் தீவின் புகழ்பெற்ற வையலேயலே ஏறக்குறைய 1,550 மீட்டர். கணக்கெடுத்த ஆண்டுகளைப் பொறுத்து 9,500 முதல் 11,500 மி.மீ. வரை சொல்லப்படுகிறது. மூன்று வெவ்வேறு மலைகள், மிக வெவ்வேறு உச்சி உயரங்கள். மழை மட்டும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் குவிகிறது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அந்த உயரத்துக்குச் சற்று மேலே ஏதோ ஒன்று மலையேறும் மேகத்தை நிறுத்துகிறது.

அந்த ஏதோ ஒன்று காற்றிலேயே இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே சூடேறி எழும் காற்று, உயரத்தில் துருவங்களை நோக்கிப் பரவி, ஏறத்தாழ 30 பாகை அட்சரேகையை ஒட்டி மெல்ல இறங்குகிறது. இறங்கும் காற்று அமுக்கத்தால் சூடாகிறது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்துப் பாகை செல்சியஸை நெருங்கும் அளவுக்கு. அதில் ஈரம் மிகக் குறைவு. அதன் அடியில் கடலைத் தொட்டு ஓடும், முதலில் சொன்ன வடகிழக்குக் காற்றோ (வியாபாரக் காற்று என்பது அதன் பெயர்) குளிர்ந்தது, ஈரமானது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், வழக்கத்துக்கு மாறாக, மேலே போகப் போகச் சில நூறு மீட்டர் தூரத்துக்கு வெப்பம் கூடுகிறது. இதற்கு வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று பெயர். கீழிருந்து எழும் மேகத் திரள் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக, ஆகவே இலகுவாக இருக்கும்வரைதான் ஏறும். இந்த அடுக்கை எட்டியதும் திடீரெனச் சுற்றுப்புறம் அதைவிடச் சூடாகிவிடுகிறது; மேகம் நின்றுபோகிறது. பானைக்கு மூடி போட்டாற்போல் என்று சொல்வது மிகையாகாது. இனி அதை மூடி என்றே அழைப்போம். ஹவாய்க்கு மேலே இந்த மூடி சராசரியாக 2,000 மீட்டருக்குச் சற்று மேலே கிடக்கிறது. பத்தில் எட்டு நாட்களாவது அது அங்கே இருக்கிறது. மேகத்தின் அடித்தளம் சுமார் 600 மீட்டரில். எனவே இந்தத் தீவுகளின் வழக்கமான மேகங்கள் வாழக் கிடைத்திருக்கும் இடம் ஒன்றரைக் கிலோமீட்டர்தான்.

மூடியின் உயரம் நிலையானது அன்று. இதைத் தெளிவாகக் காட்டியது 1951இல் ஹெர்பர்ட் ரீல், ஜோன் மால்கஸ் உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட ஆய்வு. சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஹொனலூலுவுக்கும் இடையே 1945இல் நிறுத்தப்பட்டிருந்த வானிலைக் கப்பல்களின் பலூன் பதிவுகளை அவர்கள் காற்றின் வழியிலேயே வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். கலிஃபோர்னியக் கரைக்கு அருகே குளிர்ந்த கடலின்மேல் மூடி சில நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மேகம் தட்டையாய், வானை முழுக்க மறைத்துக் கிடக்கிறது. காற்று தென்மேற்காக ஓட ஓடக் கடல் சூடாகிறது, மூடி உயர்கிறது, தட்டை மேகம் உடைந்து தனித்தனித் திரள் மேகங்களாகிறது. இதில் எனக்கு மிக அழகாகப் படுவது, மேகங்களே இந்த வேலையைச் செய்கின்றன என்பது. ஒவ்வொரு திரள் மேகமும் மூடியை முட்டி, வறண்ட காற்றில் கரைந்து, தன் நீரை ஆவியாக அங்கே விட்டுச் செல்கிறது. ஆவியாதல் அந்த அடுக்கைக் குளிர்வித்து ஈரமாக்குகிறது. மேலிருந்து காற்று இறங்கி மூடியை அமுக்குகிறது. கீழிருந்து மேகங்கள் செத்துச் செத்து அதை உயர்த்துகின்றன. இந்த இழுபறியில் நீர் பெரும்பாலும் ஆவியாகவே மேற்கு நோக்கிப் பயணம் போகிறது, மழையாகக் கீழே விழுவது கொஞ்சம்தான். திறந்த கடலில் மழை ஏன் குறைவு என்பதற்கு இதுவே விடை. ஈரம் போதுமான அளவு இருக்கிறது. மேகம் வளர உயரம் போதவில்லை.

இப்போது இந்த ஓட்டத்தின் நடுவே ஒரு மலையை வைப்போம். வியாபாரக் காற்றின் வேகம் பொதுவாக வினாடிக்கு 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கி.மீ. அளவில். அடுக்கடுக்காய் நிலைத்திருக்கும் காற்றில் ஒரு பகுதியை மேலே தள்ள ஆற்றல் வேண்டும், ஏனெனில் ஏறும் காற்று சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து கனத்துவிடுகிறது. வேகத்தை அந்த அடுக்குநிலையின் உறுதியால் வகுத்தால், தன் வேகத்தை மட்டும் நம்பி அந்தக் காற்று எவ்வளவு ஏற முடியும் என்பது தெரிந்துவிடும். வெப்ப மண்டலக் காற்றுக்குப் பொருந்தும் எண்களைப் போட்டால் சுமார் 700 மீட்டர் வருகிறது. மேகம் உருவாகும்போது வெளிப்படும் வெப்பம் இதைக் கொஞ்சம் கூட்டித் தரும். ஆயிரத்தைந்நூறு மீட்டர் மலையென்றால், அடியிலிருந்து புறப்பட்ட காற்றில் ஒரு பகுதி ஒதுங்கினாலும், கொஞ்சம் மேலே வரும் காற்று உச்சியைத் தாண்டிவிடும். உச்சிக்கும் மூடிக்கும் இடையில் இன்னும் இடைவெளி இருப்பதால் மேகம் சிகரத்தின்மேலேயே அடர்ந்து பொழியும். வையலேயலேவும் புஉ குகுயியும் இந்த வகை. நாலாயிரம் மீட்டர் மலையில் கதை வேறு. காற்று ஏற முயன்று தோற்று, மலைக்கு முன்னாலேயே தயங்கி நின்று, இரண்டு பக்கமாகப் பிரிந்து சுற்றிப் போகிறது. ஆகவேதான் மவுனா கேயாவின் மழை உச்சியை நோக்கி அல்ல, ஹிலோவுக்கு மேலுள்ள தாழ்ந்த சரிவில் குவிகிறது. அதன் மேல்பாதி மூடியைத் துளைத்துக்கொண்டு வறண்ட காற்றில் நிற்கிறது. வானியலாளர்கள் தங்கள் தொலைநோக்கிகளை அங்கே கொண்டுபோய் வைத்ததற்கும், அடுத்திருக்கும் மவுனா லோவாவின் 3,397 மீட்டர் உயரத்தில் சார்ல்ஸ் கீலிங் 1958 முதல் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியதற்கும் இந்த வறண்ட, தெளிந்த காற்று ஒரு முக்கியக் காரணம். உயர்ந்த மலைக்கு மழை குறைவு என்பது முரண்பாடு போலத் தோன்றுவதெல்லாம் மூடியை மறந்துவிட்டுப் பார்க்கும்போதுதான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மலையேற்றமே மழைக்குக் காரணமென்றால், காற்று இரவும் பகலும் வீசுவதால் மழையும் இரவும் பகலும் ஒரே அளவில் பெய்ய வேண்டும். ஹிலோவில் அப்படி இல்லை. அங்கே மழை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் வருகிறது. சரிவின் மேல்பகுதிகளில் பிற்பகலில் கூடுகிறது. அப்படியானால் நிலம் சூடாவதும் குளிர்வதும்தானே உண்மையான காரணம்? லூனா லியோபோல்டு 1940களில் ஹவாயின் அன்னாசி ஆராய்ச்சி நிலையத்தில் வானிலையாளராக இருந்தபோது, வியாபாரக் காற்றும் கடற்காற்றும் இந்தத் தீவுகளில் எப்படி ஒன்றோடொன்று மோதுகின்றன, இடத்துக்கு இடம் அந்த மோதல் எப்படி மாறுகிறது என்று விரிவாக எழுதினார். இரவில் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று வழிந்து கடலுக்குள் இறங்கி, எதிரே வரும் வியாபாரக் காற்றை ஹிலோ கடற்கரைக்கு அப்பால் சந்திக்கிறது. அந்தக் கோட்டில் மேகப் பட்டை எழுகிறது என்பது பலருடைய எண்ணமாக இருந்தது. 1988இல் பியோத்ர் ஸ்மோலார்கேவிச்சும் அவருடைய கூட்டாளிகளும் கணினி மாதிரியில் நிலத்தின் குளிர்வையே எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். மேகப் பட்டை அப்போதும் வந்தது. மலை தடுத்த காற்று தானாகவே மலைக்கு முன்னால் தயங்கி, அடிமட்டத்தில் திரும்பி ஓடி, பின்னால் வரும் காற்றோடு மோதுவதே போதுமானதாக இருந்தது. 1990 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் விமானமும் ரேடாரும் கொண்டு ஹிலோவை ஒட்டி நடந்த பெரும் கள ஆய்வு, இரண்டு தரப்புக்கும் உரிய இடத்தைக் கொடுத்தது: தடுப்பு மேடை அமைக்கிறது, இரவுக் குளிர்வும், மழைத்துளி ஆவியாவதால் குளிர்ந்து இறங்கும் காற்றும் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. என் வாதத்தில் இது ஓட்டை போடவில்லை, அதைக் கூர்மையாக்குகிறது. எவ்வளவு மழை, எந்த உயரத்தில் என்பதை மூடியும் மலையும் முடிவு செய்கின்றன. எந்த மணிக்கு என்பதைச் சூரியன் முடிவு செய்கிறது.

அடுத்த மறுப்பு இதைவிட அடிப்படையானது, ஒரு காலத்தில் அறிவியலே அதை நம்பியது. ஒன்றரைக் கிலோமீட்டர் தடிப்புள்ள மேகத்தால் பலத்த மழை பெய்ய முடியுமா? 1930களில் டோர் பெர்கெரோன், கனமழை என்பது பெரும்பாலும் மேகத்தின் உச்சியில் பனிப்படிகமாகத் தொடங்கி, விழும் வழியில் உருகி நீராவது என்று வாதிட்டார். குளிர்ந்த நாடுகளின் மேகங்களுக்கு அது பெரிதும் சரி. ஆனால் ஹவாய்க்கு மேலே நீர் உறையும் உயரம் நாலாயிரம் மீட்டரைத் தாண்டித்தான் இருக்கிறது. மூடியோ அதில் பாதி உயரத்தில். அந்த மேகங்களில் ஒரு பனித்துகள்கூட இருக்க வாய்ப்பில்லை. இருந்தும் சில மணி நேரத்தில் ஓடைகளைப் பெருகவைக்கும் மழையை அவை தருகின்றன. இதைப் புரிந்துகொள்ள 1954இல் ஹிலோவில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடினார்கள். ஆல்ஃபிரெட் வுட்காக் பல ஆண்டுகள் கடல் உப்பைத் துரத்தினார்: அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து பெரிய உப்புத் துகள்களாகக் காற்றில் மிதக்கின்றன, அவற்றின்மேல் ஆவி படிந்து மற்றவற்றைவிடப் பெரிய துளிகள் உருவாகின்றன, அவை விழும் வழியில் சிறியவற்றை வாரிக்கொண்டு வளர்கின்றன என்பது அவர் முன்வைத்த வழி. உப்பின் பங்கு எவ்வளவு என்பதில் வாதம் தொடர்ந்தது. ஆனால் துளிகள் மோதி இணைவதாலேயே மழை பிறக்கிறது என்பது உறுதியாயிற்று. ஒரு மழைத்துளிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் வேண்டும். கடலின் தூய காற்றில் துகள்கள் குறைவு; ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு அளவில்தான் மேகத்துளிகள். ஆகவே ஒவ்வொன்றும் பெரிதாகிறது, மோதுவதும் எளிதாகிறது, அரை மணி நேரத்தில் மழை விழுந்துவிடுகிறது. கண்டத்தின் தூசு நிறைந்த காற்றில் இதே தடிப்புள்ள மேகம் துளி விடாமல் கடந்து போயிருக்கும். கிலாவேயா எரிமலை 2008இல் கந்தகப் புகையை முன்னைவிட மிகுதியாகக் கக்கியபோது, அதன் காற்றுவழியில் இருந்த கடல் மேகங்களில் துளிகள் சிறுத்ததையும் மழை குறைந்ததையும் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. இயற்கை தானே செய்து காட்டிய சோதனை அது.

கரீபியனில் உள்ள டொமினிக்கா தீவு இந்தக் கதைக்கு இன்னொரு சான்று. அதன் உச்சி 1,447 மீட்டர், வியாபாரக் காற்றுக்குக் குறுக்கே நீளவாக்கில் படுத்திருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஸ்மித் தலைமையில் 2011 ஏப்ரல், மே மாதங்களில் விமானம் பறக்கவிட்டு அங்கே அளந்தார்கள். கடலின்மேல் வரும் காற்று ஒரே சீராக இருப்பதில்லை. அதில் ஈரத் திட்டுகளும் இளம் மேகங்களும் சிதறிக் கிடக்கின்றன. மலைச்சரிவில் எல்லாம் சேர்ந்து ஏறும்போது, ஏற்கெனவே கொஞ்சம் ஈரமாயிருந்த திட்டுகள் மற்றவற்றை முந்திக்கொண்டு எழுந்து மழை மேகமாகின்றன. கடலில் பிழைத்திருக்க முடியாத மேகக்குஞ்சுகளுக்கு மலை ஒரு கை கொடுக்கிறது. உச்சியைத் தாண்டியதும் காற்று வேகமெடுத்துக் கீழே பாய்கிறது, மேகம் கரைகிறது. இந்த நுட்பம் முக்கியமானது, ஏனெனில் மலை வெறுமையிலிருந்து மழையைச் செய்வதில்லை; கடல் அனுப்பும் மேகங்களின் தன்மை மாறினால் மலையின் மழையும் மாறும்.

காற்று மோதும் பக்கம் ஈரம், மறுபக்கம் வறட்சி என்ற எளிய பிரிவினையையும் இங்கே சோதிக்க வேண்டும். ஒவாஹு தீவில் கோஒலவு மலைத்தொடர் ஆயிரம் மீட்டரைக்கூட எட்டாது. ஹொனலூலு நகரம் அதன் மறைவுப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் நகரையொட்டிய மனோவா பள்ளத்தாக்கின் மேல் முனையில் ஆண்டுக்கு 4,000 மி.மீ. மழை, அங்கிருந்து ஏழெட்டுக் கி.மீ. தள்ளி வைகிகி கடற்கரையில் 600 மி.மீ.கூட இல்லை. தொடரின் உச்சபட்ச மழையே முகட்டுக்குச் சற்று மறுபுறம் தள்ளித்தான் விழுகிறது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. துளி உருவாக நேரம் வேண்டும், விழவும் நேரம் வேண்டும். அரை மி.மீ. துளி வினாடிக்கு இரண்டு மீட்டர் அளவில் விழும். ஆயிரம் மீட்டர் இறங்க எட்டு நிமிடத்துக்கு மேல். அதற்குள் காற்று அதை மூன்று, நான்கு கி.மீ. கொண்டு போய்விடும். குறுகிய மலையில் அது முகட்டைத் தாண்டி விழப் போதுமான தூரம். ஹவாய்த் தீவின் கோஹாலா மலையில், மூடிக்குக் கீழேயே நிற்கும் 1,670 மீட்டர் உச்சியிலிருந்து பதினைந்து கி.மீ.க்கும் குறைவான தூரத்திலேயே இருக்கும் கவாயிஹாயே துறைமுகத்தில் 250 மி.மீ.க்கும் குறைவாகப் பெய்கிறது. தமிழர் வழித்தோன்றல்கள் பல தலைமுறைகளாக வாழும் மொரீஷியஸிலும், தென்கிழக்கு வியாபாரக் காற்று நடு மேட்டுநிலத்தை நனைத்துவிட்டு மேற்குக் கரையைக் காயவிடுகிறது. அங்கே மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டர்தான். எந்தத் தீவிலும் மழை பெய்ய மலை மூடியை எட்ட வேண்டியதில்லை. மேகத்தின் அடித்தளத்துக்கும் மூடிக்கும் நடுவே அது நின்றால் போதும்.

அப்படியானால் மலையே இல்லாத தீவு? நவ்ரு தீவின் பரப்பு 21 சதுர கி.மீ., உயரம் எழுபது மீட்டர் அளவில். அமெரிக்க எரிசக்தித் துறை, வெப்ப மண்டலக் கடலின் மேகங்களை அளக்க 1990களின் இறுதியில் அங்கே ஒரு நிலையம் நிறுவியது. சீக்கிரமே ஒரு சிக்கல் தெரிந்தது: தீவே மேகம் செய்துகொண்டிருந்தது. பகலில் நிலம் சூடாகி, அதிலிருந்து எழும் காற்று காற்றுவழியில் நீண்ட மேக வாலாகப் படர்கிறது. செயற்கைக்கோள் படங்களில் அது பல பத்துக் கிலோமீட்டர் நீள்வதும், சில நாட்களில் நூறைத் தாண்டுவதும் தெரிந்தது. கடலை அளப்பதாக நினைத்த கருவிகள் தீவின் சூட்டையும் சேர்த்து அளந்துவிட்டன. சூடுதான் எல்லாம் என்பவர்களுக்கு இது வலுவான ஆதாரம். ஆனால் கவனியுங்கள்: அந்த வால் மேகமாக இருக்கிறது, மழையாக அல்ல. நவ்ரு வறட்சிக்குப் பேர்போன தீவு. மேகம் தோன்றக் கொஞ்சம் சூடு போதும். பெய்ய, மேகத்தைத் தொடர்ந்து ஊட்டும் ஏற்றம் வேண்டும். சூடு மழையே தரும் இடமும் ஒன்றுண்டு, ஹவாயின் மேற்குக் கரையில் கோனா. இரண்டு பெரும் மலைகள் வியாபாரக் காற்றை அங்கே வராமல் மறித்துவிடுவதால், பிற்பகல் கடற்காற்று தடையின்றிச் சரிவேறுகிறது. ஹவாயில் பொதுவாக மழை குளிர்காலத்தில் கூடும்போது, கோனாவில் மட்டும் கோடையில் கூடுகிறது. அங்கே காப்பித் தோட்டங்கள் செழிப்பது இதனால்தான். இதை நான் விதிவிலக்காகப் பார்க்கவில்லை. கடற்காற்று மேகமும் அதே மூடியின்கீழ்தான் வளர்கிறது. காற்று மறைந்த இடத்தில் ஏற்றத்தைத் தருவது மட்டும் சூரியன்.

மிக வலுவான மறுப்பு புயல்களிடமிருந்து வருகிறது, அதை முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மறைவுப் பக்கங்களின் ஆண்டு மழையில் பெரும்பங்கு, குளிர்காலத்தில் வரும் ஒரு சில புயல்களால் கிடைப்பது. ‘கோனா தாழ்வு’ என்று அங்கே சொல்லப்படும் சுழல் வரும்போது வியாபாரக் காற்று நின்று, தெற்கிலிருந்து ஈரம் வந்து, மேகம் பத்துக் கிலோமீட்டர் உயரம்வரை வளர்கிறது. 2018 ஏப்ரல் 14, 15 தேதிகளில் கவாய் தீவின் வடகரையில் வைபா என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,262 மி.மீ. பெய்தது; அமெரிக்காவின் ஒருநாள் மழையில் அதுவே உச்சம். அன்று மேலடுக்கில் ஒரு குளிர்ந்த தாழ்வுநிலை இருந்தது. வைபா கடற்கரையை ஒட்டிய தாழ்நிலம், சிகரம் இல்லை. ஆக, ஹவாயின் பெருவெள்ளங்களை வியாபாரக் காற்றின் தூறலைக் கொண்டு விளக்க முடியாது. ஆனால் இந்த நாட்களுக்கெல்லாம் பொதுவானது ஒன்றே: மூடி இல்லை. வரைபடத்தின் வழக்கமான வடிவத்தை மூடி வரைகிறது என்றால், அது விலகிய நாட்களில் அந்த வடிவம் குலைந்து, வறண்ட கரைகள்கூட நனைவதுதானே எதிர்பார்க்கத்தக்கது?

காடு மழையை இழுக்கிறது என்ற நம்பிக்கை இத்தீவுகளிலும் பழையது. லனாயி தீவு மாவியின் மறைவில் இருப்பதால் வறண்டது. பண்ணை மேலாளர் ஜார்ஜ் மன்ரோ, அங்கே நின்ற நார்ஃபோக் பைன் மரம் மூடுபனி நாட்களில் இடைவிடாமல் சொட்டுவதைக் கவனித்து, மலைமுகட்டில் அந்த மரங்களை நிறைய நடவைத்தார். 1964இல் பால் எகெர்ன் வெளியிட்ட அளவீடுகள், மழைமானியில் சேராத கணிசமான நீரை மரம் மேகத்திலிருந்து நேரடியாகப் பறிப்பதை உறுதிப்படுத்தின. மரம் மழையை வரவழைக்கவில்லை. பெய்யாமல் கடந்துபோகும் மேகத்தை வடிகட்டியது. இந்த வேறுபாடு சிறியதல்ல. ஹலேயகலாவின் ஈரச்சரிவில் அடர்காடு ஏறத்தாழ 1,900, 2,000 மீட்டரில் முடிந்து புதர்வெளி தொடங்குகிறது. வெப்பத்தை மட்டும் பார்த்தால் காடு இன்னும் மேலே போகலாம். அங்கே நிற்பது மூடியின் அடிவிளிம்பு.

ஆகவே மூடி ஏறினாலும் இறங்கினாலும் அது வெறும் வானிலைச் செய்தியாக நிற்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவாஹுவின் கரும்பு முதலாளிகள் மலையைக் குடைந்து, 1916இல் வையாஹோலே கால்வாய் வழியே ஈரப்பக்கத்து நீரை வறண்ட பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நீர் யாருக்கு என்ற வழக்கு, கரும்பே மறைந்த பிறகும் நீதிமன்றத்தில் நடந்தது. இன்றும் தீவுகளின் குடிநீர், முகடுகளில் பெய்து எரிமலைப் பாறைக்குள் இறங்கிய நீர்தான். 1920 முதல் எடுத்த பதிவுகளின்படி மாநிலத்தின் பெரும்பகுதியில் மழை குறைந்து வருகிறது. ஹொனலூலுவில் வடகிழக்குக் காற்று வீசிய நாட்கள் 1973ஐ ஒட்டி ஆண்டுக்குச் சுமார் 291 ஆக இருந்து 2009இல் 210 அளவுக்கு இறங்கியதாக ஓர் ஆய்வு காட்டியது. மறுபுறம் 1990களின் தொடக்கத்திலிருந்து மூடி காணப்படும் நாட்கள் கூடியிருக்கின்றன. காற்று குறைய மூடி கூடுவது முரண் அன்று. மேலிருந்து இறங்கும் காற்று கீழே வேகமாக வீச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் முகடுகளுக்கு இரட்டை இழப்பு. ஹலேயகலாவின் மேல்சரிவில் மட்டும் வளரும் வெள்ளிவாள் செடி, ஆட்டுக்கடியிலிருந்து காக்கப்பட்டு 1930களிலிருந்து பெருகிவந்தது. 1990க்குப் பிறகு சரிந்தது. அங்கே ஆய்வு செய்தவர்கள் அதைக் குறைந்த மழையோடும் மூடியின் மாற்றத்தோடும் இணைத்திருக்கிறார்கள்.

எதிர்காலத்தைச் சொல்ல வேண்டிய உலகளாவிய மாதிரிகளுக்கு இந்தத் தீவுகள் கண்ணில் படுவதே கடினம். நூறு கி.மீ. சதுரக் கட்டம் ஒன்றின் பரப்பு பத்தாயிரம் சதுர கி.மீ.; ஹவாய்த் தீவு முழுவதும் அதில் ஒரே கட்டம், மவுனா கேயா அதற்குள் ஒரு தாழ்ந்த மேடு. ஒவாஹு அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மூடியின்கீழ் மேகங்கள் எப்படிக் கலக்கின்றன என்பதும் அந்த மாதிரிகளில் ஊகமாகவே இருந்தது. 2020 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பார்படாஸுக்குக் கிழக்கே விமானங்களும் கப்பல்களும் சேர்ந்து வியாபாரக் காற்று மேகங்களை அளந்தபோது, கலப்பு கூடினால் மேகம் காய்ந்து குறையும் என்று பல மாதிரிகள் எடுத்துக்கொண்டது கடலில் நிகழவில்லை என்று 2022இல் வெளியான முடிவுகள் காட்டின. கடலின் மேகங்களைப் பற்றி அது நல்ல செய்தி. முகட்டில் விழும் மழைக்கு அதை நேராகப் பொருத்திவிட முடியாது, ஏனெனில் அங்கே சில நூறு மீட்டர் வித்தியாசம்தான் கணக்கு. மூடி இருநூறு மீட்டர் இறங்கினால் வையலேயலே உச்சிக்கு மேலே மேகம் வளர மிஞ்சும் இடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும், ஹலேயகலாவின் காட்டு விளிம்பு மேகத்துக்கு வெளியே போகும். ஹிலோவிலும் கவாய் தீவின் லிஹுவேயிலும் நாளுக்கு இருமுறை பறக்கவிடப்படும் பலூன்கள் அந்த உயரத்தை ஒவ்வொரு முறையும் அளந்து அனுப்புகின்றன. இந்தத் தீவுகளில் குடிநீருக்குத் திட்டமிடுபவர்கள் மழைமானிகளின் எண்களுக்குப் பக்கத்திலேயே அந்த உயரத்தையும் எழுதிவைக்க வேண்டும்.